குடும்பத்தார் நாற்காலி

கள்ளக்குறிச்சிக்கு வேலைக்கு வந்தபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது. அதுவரை கல்வராயன் மலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். கல்யாணமான புதிதில் கணவரோடு மேலே போனவள், அங்கேயே தங்கிவிட்டேன். பிரசவம், காய்ச்சல், பாம்புக்கடி, புளியமரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்தவர்கள் என்று வருவார்கள். எங்களால் முடியாததை ஆம்புலன்ஸில் ஏற்றிக் கீழே அனுப்பிவிடுவோம். வண்டி வளைவில் திரும்பி மறைந்த பிறகு அவர்களுக்கு என்ன ஆனது என்பது பெரும்பாலும் எங்களுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியை நடத்திய டாக்டர் வயதாகி, மகனோடு இருக்கப் போய்விட்டார். அதோடு அதை மூடினார்கள். என் கணவர் அதற்கு முன்பே இறந்திருந்தார். என் மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். நண்பர்களோடு ஓர் அறையில் இருக்கிறவன். அவனோடு போய் நான் எங்கே இருப்பது? கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு வந்தேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறை கிடைத்தது.

மலையில் நான் கடைக்குப் போனால் நாலு பேர் நிறுத்திப் பேசுவார்கள். கீழே வந்த பிறகு, வீட்டுக்காரம்மா தண்ணீர் மோட்டார் போட்டால் சொல்வார், காய்க்காரர் வேறென்ன வேண்டும் என்று கேட்பார். லீவு நாளில் சாயங்காலம் ஆகும்போது, காலையிலிருந்து வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பது சட்டென்று உறைக்கும். குக்கரில் ஒருத்திக்கு அரிசி வைத்தால் அடியில் ஒட்டிக்கொண்டு காய்ந்துபோகும். இரண்டு பேருக்கு வைத்து மறுநாள் பழையதைச் சாப்பிடப் பழகிக்கொண்டேன்.

என்னை ஐ.சி.யூ.வில் போட்டார்கள். எனக்கு அங்கே ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். இத்தனை வருஷ சர்வீஸ் இருக்கிறதே, பழகிக்கொள்வீர்கள் என்றார் நர்சிங் சூப்பிரண்டென்ட். உள்ளே போனால் ஒவ்வொரு கட்டிலுக்கும் தலைமாட்டில் ஒரு மெஷின். ஒன்று கத்தி ஓய்வதற்குள் இன்னொன்று கத்தும். எது சாதாரணச் சத்தம், எது ஓடிப்போய்ப் பார்க்க வேண்டிய சத்தம் என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஓடினேன். பயிற்சிக்கு வந்திருந்த இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களுக்கு என் மகனைவிட வயது குறைவு.

அங்கே இன்சார்ஜாக இருந்த சிஸ்டருக்கு முப்பது வயதுதான் இருக்கும். மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு போடுகிற குடும்பம். ஒல்லியான ஆள், மெதுவாகத்தான் பேசுவார். வயதில் என்னைவிட அவ்வளவு சின்னவர் என்றாலும் எனக்கு அவரை ‘அவர்’ என்றுதான் எழுத வருகிறது. அவர் என்னை அக்கா என்பார். நான் சிஸ்டர் என்பேன். கடைசி வரை அப்படித்தான்.

முதல் வாரம் நான் மானிட்டரையே முறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, துணி அலமாரி இருக்கும் மூலைக்கு என்னைக் கூப்பிட்டார். தப்பு எதுவானாலும் அந்த மூலைக்குக் கூட்டிப்போய்த்தான் சொல்வார். நாலு பேர் எதிரில் சொல்ல மாட்டார்.

“மெஷினை அப்புறம் பாருங்கக்கா. மொதல்ல ஆளைப் பாருங்க. நெஞ்சு ஏறி எறங்குதா, ஒதடு இன்னா நெறத்துல இருக்குது, கையி சில்லுனு இருக்குதா. மலையில உங்ககிட்ட இன்னா மெஷின் இருந்துச்சி? ஆளைப் பாத்துத்தானே சொன்னீங்க? அதே வேலைதான் இது.”

அதன் பிறகு எனக்குப் பாதி பயம் போனது. மீதியை அவர் தினம் கொஞ்சமாகப் போக்கினார். வென்டிலேட்டரின் ஒவ்வொரு பொத்தானையும் என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டுவார். நான் செய்யும்போது பக்கத்தில் இருப்பார், கை வைக்க மாட்டார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நினைவில்லாமல் கிடக்கிறவர்களிடமும் சொல்லிவிட்டுத்தான் தொடுவார். ஐயா, நான்தான் வந்திருக்கேன், உங்களைத் திருப்பிப் படுக்க வைக்கப் போறேன், முதுகு துடைக்கணும் என்று சாதாரணமாக, வீட்டில் பேசுவதுபோலச் சொல்வார். பயிற்சிப் பெண்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. சில வாரங்களில் அந்தப் பெண்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். நானும்தான். என் அறையில் யாரிடமும் பேசாத நான், அங்கே கண்மூடிப் படுத்திருந்தவர்களிடம் நிறையப் பேசினேன். வெயில் எப்படி இருக்கிறது, வாசலில் கொய்யாப்பழ வண்டி வந்திருக்கிறது என்றெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு வேலை மட்டும் என்னால் முடியவில்லை. ஐ.சி.யூ.வுக்கு ஒரு கண்ணாடிக் கதவு உண்டு. அதைத் திறந்து, வெளியே நிற்கும் வீட்டு ஆட்களிடம் நிலைமையைச் சொல்ல வேண்டும். என் முறை வரும்போது எதையாவது காரணம் காட்டி வேறு யாரையாவது போகச் சொல்வேன்.

காரணம் என் கணவர். அவருக்கு நெஞ்சுவலி வந்தபோது மலையிலிருந்து இறக்கி, சின்னசேலம் வழியாகச் சேலத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரி. உள்ளே எடுத்துக்கொண்டு போனவர்கள் அவருடைய சட்டையையும் வேட்டியையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். நானும் நர்ஸ்தான் என்றேன். இருங்கம்மா என்றார்கள். அந்தக் கதவு திறந்து திறந்து மூடியது. வந்தவர்கள் எல்லாரும் அவசரமாகப் போனார்கள். கடைசியில் ஒருவர் வந்து யாருடைய பெயரையோ கேட்பதுபோல அவர் பெயரைக் கேட்டு, போய்விட்டார் என்று சொன்னார். யார்மீதும் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கும் உள்ளே வேலை இருந்திருக்கும். ஆனால் அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் இன்னும் எனக்குள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

இதை நான் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லியிருக்கவில்லை. நான் கதவுப் பக்கம் போகாததை அவர் கவனித்திருந்தார். ஏன் என்று கேட்கவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் மலையிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயது இருக்கலாம். புதரில் இருக்கும் ஒரு சின்னப் பூச்சி கடித்து வருகிற காய்ச்சல். மலையில் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சீக்கிரம் வந்தால் மாத்திரையிலேயே அடங்கும். இவர்கள் சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். வந்து சேரும்போது நுரையீரலும் கிட்னியும் கெட்டிருந்தன. வென்டிலேட்டரில் போட்டோம்.

புருஷன் வெளியே மாடிப்படிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அவளுடைய செருப்பை ஒரு மஞ்சள் பைக்குள் வைத்து மடியில் வைத்திருந்தார். யார் போனாலும் எழுந்து நிற்பார். இன்சார்ஜ் சிஸ்டர் போய் நிலைமையைச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

“அவருக்கு ஒண்ணும் புரியலக்கா. எது சொன்னாலும் சரிங்க, சரிங்கன்றாரு. என்னைப் பாத்து பயப்படறாரு. நீங்க அந்த மலைப் பக்கம் இருந்தவங்க. நீங்க பேசறீங்களா? நான் கூட நிக்கிறேன்.”

கட்டாயப்படுத்துகிற குரல் இல்லை. முடியாது என்று நான் சொல்லியிருந்தால் விட்டிருப்பார். கையைக் கழுவிக்கொண்டு போனேன். அவர் என் பின்னால் வந்து சுவரோரம் நின்றுகொண்டார்.

நான் முதலில் எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னார். ஓடையைத் தாண்டிப் போக வேண்டிய ஊர். தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் போயிருக்கிறேன். மழையில் அந்த ஓடையைத் தாண்ட முடியாமல் அக்கரையில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார். இப்போது ஓடையில் சின்னதாக ஒரு பாலம் கட்டியிருக்கிறார்கள் என்றார். பிறகு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். அவள் தானாக மூச்சு விடவில்லை, மெஷின்தான் விடுகிறது, சிறுநீர் பிரியவில்லை, பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் நினைக்கிறார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லி முடிக்கிற வரை என் குரல் உடையவில்லை.

அவர் மடியிலிருந்த மஞ்சள் பையின் வாயைச் சுருட்டிப் பிடித்தார். அப்புறம் கேட்டார்: “வலி தெரியுமாங்க அவளுக்கு?”

தெரியாதபடி மருந்து கொடுத்திருக்கிறோம் என்றேன்.

“நான் பாக்கலாமுங்களா?”

பார்வை நேரம் முடிந்திருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். இன்சார்ஜ் சிஸ்டர் உள்ளே போய் டியூட்டி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்து கதவைத் திறந்து பிடித்தார்.

உள்ளே வந்தவர் கட்டிலை விட்டு எட்டவே நின்றார். அவ்வளவு ட்யூபுகளுக்கு நடுவில் எங்கே தொடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. இன்சார்ஜ் சிஸ்டர் போர்வையைக் கொஞ்சம் விலக்கி அவளுடைய வலது கையைக் காட்டினார். இதில் ஊசி இல்லை, பிடித்துக்கொள்ளுங்கள், பேசுங்கள் என்றார். கேட்குமா என்று அவர் கேட்டார். “கேக்காதுன்னு யாரும் சொல்ல முடியாதுங்க. நாங்க தெனமும் பேசிக்கினுதான் இருக்கோம்” என்றார் சிஸ்டர். பயிற்சிப் பெண்களைக் கண்ணால் கூப்பிட்டு, திரையை இழுத்து விடச் சொல்லிவிட்டு எங்களோடு வெளியே வந்தார்.

திரைக்கு அந்தப் பக்கம் அவர் பேசியது எங்களுக்குக் கேட்டது. மரவள்ளிக் காட்டில் பன்றி இறங்கிவிட்டது என்று சொன்னார். ஆட்டைத் தம்பி வீட்டில் கட்டியிருப்பதாகச் சொன்னார். பெரியவள் ஸ்கூல் ஹாஸ்டலிலிருந்து வந்து சோறாக்குகிறாள் என்றார். அவ்வளவுதான். அதையே திரும்பவும் முதலிலிருந்து சொன்னார்.

மறுநாள் மதியம் அவள் இறந்துபோனாள்.

டாக்டர் பார்த்துவிட்டுப் போன பிறகு இன்சார்ஜ் சிஸ்டர் மெஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். அந்த மூலை அமைதியானது. ட்யூபுகளை எடுத்தோம். எமர்ஜென்சியிலிருந்து கட்டில் காலியா என்று கேட்டுப் போன் வந்தது. கொஞ்சம் ஆகும், அதுவரை அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து அவள் முகத்தைத் துடைத்தார். பிளாஸ்டர் ஒட்டியிருந்த இடத்தில் பசை போகவில்லை. தேங்காய் எண்ணெய் தொட்டு மெதுவாகத் தேய்த்து எடுத்தார். பிறகு தன் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்துவந்து அவளுக்குத் தலை வாரினார். நாள்கணக்கில் படுத்துக் கிடந்து சிக்கு விழுந்த முடி. நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்தார். உயிரோடு இருக்கிறவளுக்கு வலிக்கக் கூடாது என்பதுபோல அடிமுடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வாரினார். பயிற்சிப் பெண்கள் இரண்டு பேரும் நானும் நின்று பார்த்தோம். இதை இப்படிச் செய்ய வேண்டும் என்று அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பாதியில் சீப்பை ஒரு பெண்ணிடம் கொடுத்தார். அவள் மீதியை வாரிப் பின்னினாள்.

நான் போய்ப் புருஷனிடம் சொன்னேன். இந்த முறை யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. உள்ளே கூட்டி வந்தபோது, பொட்டு வைக்கலாமா என்று இன்சார்ஜ் சிஸ்டர் அவரைக் கேட்டார். வையுங்கள் என்றார். பிறகு நானே வைக்கிறேன் என்றார். அவர் வைத்த பொட்டு கொஞ்சம் கோணலாக விழுந்தது. அதை யாரும் சரிசெய்யவில்லை.

அவர்கள் வண்டி கிளம்பிய பிறகு நான் துணி அலமாரிப் பக்கம் போய் நின்று அழுதேன். அவளுக்காகவா, எனக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இன்சார்ஜ் சிஸ்டர் வந்தார். சேலத்தில் நடந்ததை அப்போதுதான் சொன்னேன். பிளாஸ்டிக் பையைச் சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்துக்கொண்டு கூடவே நின்றார். வெளியே யாரோ கூப்பிட்டதும், போவதற்கு முன்னால் சொன்னார்: “இனிமே வெளியில சொல்ற வேலையை நீங்களே பாத்துக்குங்கக்கா. நீங்க கீழ ஒக்காந்து சொன்னீங்க பாருங்க, எனக்கு அது இத்தினி நாளா தோணல.”

அந்த வருஷம் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸுக்கு விருது கொடுப்பது என்று நிர்வாகம் முடிவு செய்தது. நோயாளிகளை அன்பாகப் பார்த்துக்கொள்வதற்கும் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதற்கும் என்றார்கள். சூப்பிரண்டென்ட் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டார். ஐ.சி.யூ.வில் எல்லாரும் ஒரே ஆளைத்தான் சொன்னோம். பயிற்சிப் பெண்கள் சொன்னதைக் கேட்டு சூப்பிரண்டென்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். விழாவில் அவரைப்பற்றி யாராவது பேச வேண்டும் என்று வந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

பொங்கல் முடிந்து விழா. ஆஸ்பத்திரி மாடியில் ஷாமியானா போட்டு நாற்காலி வரிசையாகப் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் சில நாற்காலிகளின் முதுகில் ‘குடும்பத்தார்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. அவை காலியாகவே இருந்தன. இன்சார்ஜ் சிஸ்டர் பட்டுப்புடவை கட்டி வந்திருந்தார். யூனிஃபார்ம் இல்லாமல் பார்க்க வேறு யாரோபோல இருந்தார். போனை அடிக்கடி எடுத்துப் பார்த்தார்.

அப்பா, அம்மா எங்கே என்று கேட்டேன்.

“சக்கரை ஆலையிலருந்து வெட்டு உத்தரவு வந்துடிச்சாம்கா. ஆளுங்க காலையிலயே வந்து எறங்கிட்டாங்க. இன்னிக்கி வுட்டா கரும்பு காஞ்சிரும். அப்பா வர முடியாதுன்னுட்டாரு. அம்மா சமைச்சிப் போடணும் இல்ல, வெட்டறவங்களுக்கு.”

கரும்பு போடுகிற வீட்டில் இது நியாயம்தான். யார்மேலும் குறை சொல்ல முடியாது. அவரும் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் மற்ற வார்டு நர்ஸுகளின் குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்த அந்த இடத்தில், அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிற்பு எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. எங்கள் இரண்டு பேரையும் இவ்வளவு நாள் எது பக்கத்தில் வைத்தது என்று அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். ஐ.சி.யூ.வை விட்டு வெளியே வந்தால் அவருக்கும் நர்ஸுகள் ஹாஸ்டலில் ஒரு கட்டில்தான்.

கூட்டம் ஆரம்பிக்கிற நேரத்தில் அவர் என் கையைப் பிடித்து முன்வரிசைக்கு இழுத்துப்போனார்.

“நீங்க இங்க ஒக்காருங்கக்கா.”

“இது வூட்டு ஆளுங்களுக்கு, சிஸ்டர்.”

“அதான் சொல்றேன். ஒக்காருங்க.”

உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டத்தில் முன்வரிசை. பக்கத்து நாற்காலிகள் கடைசி வரை காலியாகவே இருந்தன.

மைக்கின் முன்னால் நின்றதும் தயார் செய்துகொண்டு போனது எதுவும் வரவில்லை. தியாகம், தொண்டு என்று நல்ல வார்த்தைகளாகச் சேர்த்து வைத்திருந்தேன். எல்லாம் எங்கேயோ போய்விட்டன. கடைசியில் நான் சொன்னது இவ்வளவுதான்: “எங்க ஐ.சி.யூ.வுல ஒரு அம்மா எறந்துட்டாங்க. கட்டில் கேட்டு போன் வந்துச்சி. இந்த சிஸ்டர் கொஞ்சம் இருங்கன்னு சொல்லிட்டு, அவங்களுக்குத் தலை வாரி வுட்டாங்க. நாங்க மூணு பேரு பக்கத்துல நின்னு பாத்தோம். இப்ப நாங்களும் அப்படித்தான் செய்யறோம்.”

இதற்குக் கைதட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் பயிற்சிப் பெண்கள் தட்டினார்கள், பிறகு எல்லாரும் தட்டினார்கள். விருது வாங்கிய சிஸ்டரை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நன்றி என்றார். பிறகு நிர்வாகத்தினர் பக்கம் திரும்பி, ஐ.சி.யூ.வுக்கு வெளியே இருக்கிறவர்கள் தரையில்தான் உட்காருகிறார்கள், பெஞ்சு போட்டுக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

கூட்டம் முடிந்து பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு ஓட்டலில் இரண்டு பேரும் சாப்பிட்டோம். விருதுக் கேடயத்தை மேசைமேல் வைக்க இடமில்லாமல் அவர் மடியில் வைத்துக்கொண்டார். சாப்பிட்டதும் ஊருக்குப் பஸ் ஏறினார். அடுத்த முறை டியூட்டிக்கு வந்தபோது வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். அப்பா வயலிலிருந்து வந்து, கையைத் துண்டில் துடைத்துவிட்டு, கேடயத்தில் இருந்த பெயரை விரலால் தடவிப் பார்த்தாராம். அம்மா அதை டி.வி. பக்கத்தில் வைத்தாராம்.

பெஞ்சு வெயில்காலத்தில் வந்தது. அதற்குள் அவர் கிளம்பிவிட்டார். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. இங்கே இல்லாத மெஷினெல்லாம் அங்கே இருக்கிறது, கற்றுக்கொள்ளலாம் என்று சொன்னபோது அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு ஆசை இருந்தது. போகாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? சந்தோஷமாகப் போய்வாருங்கள் என்றேன். கடைசி நாள் எல்லாக் கட்டிலுக்கும் போய், நான் நாளையிலிருந்து வர மாட்டேன், இந்த அக்கா பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அதில் பாதிப் பேருக்கு நினைவில்லை.

வேறு ஒருவர் இன்சார்ஜாக வந்தார். நல்லவர்தான், ஆனால் என்னோடு பேச அவருக்கு ஒன்றுமில்லை. வேலையை முடித்துக்கொண்டு மாடியறைக்கு வருவேன். பயிற்சிக்கு வரும் புதுப் பெண்கள் கதவுப் பக்கம் போகத் தயங்கினால், நான் கூடப் போய்ச் சுவரோரம் நிற்கிறேன். அவர்கள் இரண்டு மூன்று மாதத்தில் வேறு வார்டுக்கு மாறிவிடுகிறார்கள். பெயர் மனதில் பதிவதற்குள் போய்விடுகிறார்கள்.

சென்னைக்குப் போன புதிதில் அவர் தினம் போன் செய்வார். பிறகு வாரத்துக்கு ஒரு முறை ஆனது. பிறகு அதுவும் குறைந்தது. நானே கூப்பிடலாம்தான். டியூட்டியில் இருப்பாரோ, தூங்கிக்கொண்டிருப்பாரோ என்று போனை எடுத்து எடுத்து வைத்துவிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரே கூப்பிட்டார். நான் அப்போதுதான் தட்டில் சோறு போட்டிருந்தேன். எப்படி இருக்கிறீர்கள் என்றேன். நன்றாக இருப்பதாகச் சொன்னார். மெஷின்களைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். அப்புறம் குரல் இறங்கியது.

“இங்க ஒருத்தரும் பேச மாட்டேன்றாங்கக்கா. எல்லாம் ஓடிக்கினே இருக்காங்க. கேண்டீன்ல தனியா ஒக்காந்து சாப்பிட்டுக்கினு இருக்கேன். அதான் உங்களுக்கு போட்டேன்.”

நானும் இப்போதுதான் சாப்பிட உட்கார்ந்தேன் என்றேன். என்ன குழம்பு என்று கேட்டார். கத்திரிக்காய் என்றேன். அவருக்கு அங்கே சாம்பார் சாதமாம், உப்பில்லையாம்.

போனை ஸ்பீக்கரில் போட்டுத் தண்ணீர்ச் சொம்புமேல் சாய்த்து வைத்தேன். அதற்குமேல் அதிகம் பேசவில்லை. அந்தப் பக்கம் கேண்டீனில் தட்டுகள் மோதும் சத்தமும், நடுவில் அவர் ஸ்பூனை வைக்கிற சத்தமும் கேட்டன. நான் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன்.